அறுபத்திரண்டு பூட்டுகள்

இவளுக்கு மட்டும் எப்படிக் கதவு திறக்கிறது?

இந்தக் கேள்வியை இளமதி யாரிடமும் கேட்டதில்லை. வண்டி ஓட்டும்போதுதான் அது அதிகமாக வந்தது. பின்சீட்டில் தமிழினி உட்கார்ந்து ஏதோ ஒரு பாட்டை, வரிகள் இல்லாமல் மெட்டை மட்டும், முனகிக்கொண்டு வருவாள். அவள் மடியில் இருக்கும் பையில் முந்தின நாள் நிரப்பிய படிவங்கள் பதினொன்று இருக்கும். இளமதியின் பையில் ஆறு. ஒரே வண்டி, ஒரே தெருக்கள், ஒரே வெயில். ஆறும் பதினொன்றும். தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்கடிப்பவளைத் தானே தினமும் பாலக்கரையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டியிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாசி மகம் முடிந்து பந்தல் பிரித்த வாரத்தில் வேலை ஆரம்பித்தது. விருத்தாசலத்துக்குப் புதிதாக ஒரு நகரத் திட்டம் போடப்போகிறார்கள். சாக்கடை எந்தத் தெரு வரை, குடிநீர்க் குழாய் எதுவரை, பொதுக் கழிப்பிடம் எங்கே என்று கோடு போடுவதற்கு முன்னால் வீடுகளில் போய்க் கேட்கவேண்டும். எல்லா வீட்டையும் கேட்க நாளும் ஆளும் கிடையாது. சில வீடுகளைக் கேட்டு ஊரையே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காகச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் வந்து, உரக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து, இரண்டு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் போட்டது. ஆனந்தராஜ் அதன் பொறுப்பாளர். நகரமைப்புப் படித்தவர், முப்பத்தெட்டு வயது, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார்.

இளமதிக்கு முப்பத்துநான்கு. பத்து வருடமாக ஊரில் எந்தக் கணக்கெடுப்பு நடந்தாலும் அவள் இருப்பாள். மக்கள்தொகை, போலியோ சொட்டு மருந்து, ரேஷன் கார்டு சரிபார்ப்பு. ஒவ்வொன்றும் மூன்று மாதம், ஆறு மாதம். முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கம்மாபுரத்தில் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு அண்ணன் சக்கரபாணி ஆலடி ரோட்டில் கட்டிய வீட்டில் இருந்தாள். கூடத்தில் ஒரு கயிறு கட்டிப் பழைய புடவையை மறைப்பாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு கட்டில். அண்ணி நல்லவள்தான். ஆனால் அந்தப் புடவையை விலக்கும்போது அவள் ஒரு தடவைகூடக் குரல் கொடுத்ததில்லை.

வேலைக்கு எடுக்கும்போதே ஆனந்தராஜ் ஒன்று சொல்லியிருந்தார். இது முடிந்ததும் பண்ருட்டி, திண்டிவனம், சிதம்பரம் என்று மூன்று ஊரில் இதே வேலை இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்துக் கள மேலாளராக ஒருவரைச் சென்னை அலுவலகத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவரை அவர் சிபாரிசு செய்வார். தங்குவதற்கு மகளிர் விடுதி. தனி அறை.

தனி அறை என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இளமதி அன்று இரவு அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தாள். மறுநாள் ஒரு தாழ்ப்பாள் வைத்தாள்.

அந்த இன்னொருத்திதான் தமிழினி. மங்கலம்பேட்டை. இருபத்துமூன்று வயது, புள்ளியியல் பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா மஸ்கட்டில் டிரைவர், அவர் அனுப்பிய மடக்குக் குடை ஒன்று வைத்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பு வந்துவிடும் அவளுக்கு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஆனந்தராஜின் மேஜைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் யானையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு காது மூளியாகிக் கழித்துப்போட்ட யானை. காகிதம் பறக்காமல் இருக்கட்டும் என்றாள். அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், எனக்கு ஏன் ஒரு யானை கொண்டுவரத் தோன்றவில்லை என்று இளமதி அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொறாமை என்ற சொல்லை அவள் தனக்குள்கூடப் பயன்படுத்தவில்லை. ‘சரியில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண் சிரிப்பது சரியில்லை. பதினொன்று என்பது சரியில்லை.

வீடுகளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அது கூடாது என்பதுதான் முதல் விதி. ஏழு வார்டுகளில் இருக்கும் வீடுகளை ஆரம்பத்தில் வரிசையாக எண்ணிப் பட்டியல் போட்டது இளமதி. பூட்டியிருந்த வீட்டுக்கு நேரே பூட்டு என்று குறித்திருந்தாள். அந்தப் பட்டியலில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு வீடு. எந்த எண்ணிலிருந்து ஆரம்பிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். இளமதிக்கு ஐந்து விழுந்தது. ஐந்து, பதினேழு, இருபத்தொன்பது என்று அவள் போகவேண்டும். தமிழினிக்குப் பதினொன்று. அவள் பதினொன்று, இருபத்துமூன்று, முப்பத்தைந்து. ஆளுக்கு இருநூற்றுத் தொண்ணூறு வீடு. ஒருத்தியின் வீடு இன்னொருத்திக்கு வராது, ஆனால் இருவரும் ஒரே தெருவில்தான் நடப்பார்கள்.

ஏன் இப்படி என்று ஆனந்தராஜ் கரும்பலகையில் வரைந்து காட்டினார். இரண்டு பாதியும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகின்றன. அதனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொல்லவேண்டும். நூற்றுக்கு ஏழு எட்டு வரை முன்னே பின்னே இருக்கலாம், அது சீட்டின் விளையாட்டு. அதற்குமேல் போனால் ஊரைக் குறை சொல்லமுடியாது. கேட்கப் போனவர்களில் ஒருவர் தப்பு செய்திருக்கிறார்.

“ஒருத்தருக்கு ஒருத்தர் காவல்” என்று சொல்லிச் சிரித்தார்.

தமிழினியும் சிரித்தாள். இளமதி நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் உண்மையாகவே காவல் காத்தாள். தமிழினி எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கிறாள், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருகிறாள், வெளியே வரும்போது என்ன தின்றுகொண்டு வருகிறாள் என்று எல்லாம் தெரியும். நல்ல வீடுகளாக அவளுக்கு அமைந்துவிட்டன என்றும் சொல்லமுடியவில்லை. சீட்டுக்கு யார்மேலும் பிரியம் கிடையாது. பிரியம் வைத்தவர்கள் என்று யாராவது இருந்திருந்தால் அவர்களை வெறுக்கவாவது செய்திருக்கலாம்.

பொம்மைக்காரத் தெருக்களில்தான் இளமதிக்கு வேலை ஓடவில்லை. செராமிக் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஐந்தாறு தெரு. பீங்கான் பொம்மை வார்க்கும் சின்னச் சின்னப் பட்டறைகள், அவற்றைச் சுற்றி ஓட்டுவீடுகள். வீட்டுக்கு வீடு பூட்டு. புருஷனும் பெண்டாட்டியும் பட்டறைக்குப் போய்விடுவார்கள் போல. விதிப்படி மூன்று முறை, மூன்று வேறு நேரத்தில் போகவேண்டும். காலை ஏழு மணி, நடுப்பகல், சாயங்காலம் என்று இளமதி மூன்று முறையும் போனாள். ஒரு வீட்டைக்கூட இரண்டோடு விட்டதில்லை. மூன்றாம் முறையும் பூட்டியிருந்தால் வலப்பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டை எடுத்துக்கொண்டு ‘மாற்று வீடு’ என்று எழுதவேண்டும். அப்படி அறுபத்திரண்டு. மளிகைக் கடை வைத்திருப்பவர், ரிட்டயர்ட் வாத்தியார், ரயில்வேக்காரர். அவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து நிதானமாகப் பதில் சொன்னார்கள்.

தமிழினி அந்தத் தெருக்களுக்கு நேராகப் போவதே இல்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள், தெருமுனையில் ஒரு பெண் தலையில் நீளப் பலகையை வைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். பலகைமேல் வரிசையாக வெள்ளை யானைகள், சுடாத பச்சை மண். இளமதி பிரேக் பிடித்தாள். அந்தப் பெண் கழுத்தைத் திருப்பாமல் மெதுவாக ஒரு சந்துக்குள் நுழைந்தாள்.

“இங்கயே எறக்கி வுட்டுடுங்கக்கா. நான் நடந்து வந்துடறேன்” என்றாள் தமிழினி.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் இறங்கினாள். முனையில் ஒரு டீக்கடையும் ஒரு ரூபாய் போனும் இருந்தன. அதில் எது என்று மட்டும்தான் இளமதிக்குத் தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறாளா, யாருக்காவது போன் பேசுகிறாளா. இரண்டில் ஒன்று. இரண்டுமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு திங்கட்கிழமை மொத்தக் கணக்கு வந்தது. கழிப்பறை இல்லாத வீடுகள் இளமதியின் பாதியில் நூற்றுக்கு முப்பத்தொன்று. தமிழினியின் பாதியில் நாற்பத்தைந்து.

ஆனந்தராஜ் தமிழினியை வார்டு மேப் வாங்கிவர அனுப்பிவிட்டு இளமதியை உட்காரச் சொன்னார். பதினான்கு வித்தியாசம் சீட்டால் வராது என்றார். பிறகு பட்டியலை எடுத்து வைத்தார். தமிழினியின் வீடுகளில் ஐம்பத்தொன்பதுக்கு நேரே பட்டியலில் பூட்டு என்று இருக்கிறது. அதில் ஐம்பத்தேழு வீட்டின் படிவத்தை அவள் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். உங்களுக்கு அதே தெருவில் அத்தனையும் மூன்று முறை பூட்டு, அவளுக்கு முதல் தடவையே திறக்கிறதா என்று கேட்டார்.

அவர் கேட்டது இளமதியின் கேள்வி. அவள் மூன்று மாதமாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும், ஒரு நிமிடம் அவளுக்குக் கண்ணில் நீர் வரப் பார்த்தது. நிம்மதியில்தான்.

“நீங்க இந்த ஊருக்காரங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது” என்றார் அவர்.

ஐம்பத்தேழில் பத்து வீட்டைச் சீட்டுப் போட்டே எடுத்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமை எல்லாம் சென்னைக்குப் போகிறது, சிபாரிசுக் கடிதமும் அதோடு போகிறது என்றார். தமிழினியிடம் எதுவும் சொல்லவேண்டாம்.

புதன்கிழமை தலைவலி, கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லித் தமிழினியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு இளமதி தனியாகப் போனாள். பின்சீட்டில் கனம் இல்லாமல் வண்டி துள்ளியது. முதல் வீடு, பூட்டு. பழைய பித்தளைப் பூட்டு, அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இரண்டாவது வீடு, பூட்டு. மூன்றாவது வீட்டின் முன்னால் வண்டியிலிருந்து இறங்காமலே பூட்டைப் பார்த்தாள். நான்காவதும் பூட்டு. அவள் நெஞ்சு ஒரு மாதிரி லேசாக அடித்துக்கொண்டது. சின்ன வயதில் அண்ணன் அடி வாங்கப்போகிறான் என்று தெரிந்து, அதற்கு முந்தின அரைமணி நேரம் அவனோடு விளையாடிக்கொண்டிருந்தபோது இருந்த மாதிரி. தமிழினிக்கு இது தெரியவரும்போது முகம் எப்படி ஆகும்? அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் முதலில் நிற்கும், கண்ணிலா, உதட்டிலா? இதைக் கற்பனை செய்வதில் இருந்த ருசி அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

ஐந்தாவது வீட்டிலும் பூட்டு. எழுதுவதற்கு வாகாக ஜன்னல் கட்டைமேல் அட்டையை வைத்தாள். பூட்டு என்று எழுதிவிட்டு நிமிரும்போது கம்பிக்குள்ளே பார்வை போனது.

முன்னறை முழுக்கப் பொம்மைகள். தரை தெரியாமல், செட்டியார் செட்டியாராக, யானை யானையாக, சுடாத சாம்பல்வெள்ளை நிறத்தில், ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றிருந்தன. எல்லாம் தெருவைப் பார்த்து, அவளைப் பார்த்து. அந்தக் கூட்டத்துக்கு அப்பால் பின்கதவு விரியத் திறந்திருந்தது. வெளிச்சத்தில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு சின்னக் கத்தியால் யானையின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு அது ஜன்னல்ல? நெழல் வுழுது, நவுருங்க” என்றாள் அந்தப் பெண்.

இளமதி தான் யார் என்று சொன்னாள்.

“கணக்கெடுக்கிற அம்மாவா? பின்னால வாங்க. முன்கதவ தை மாசமே பூட்டினது.”

பின்பக்கம் போக அந்தச் சந்துக்குள்தான் நுழையவேண்டும். பலகைக்காரப் பெண் திரும்பிய சந்து. நடுவில் சாக்கடை ஓடியது, இரண்டு பக்கமும் கல் போட்டிருந்தார்கள். இளமதி புடவையைத் தூக்கிப் பிடித்தாள். இதே இடத்தில், இதே மாதிரி புடவையைப் பிடித்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே ஒருநாள் தான் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே என்ன இருக்கப்போகிறது என்று திரும்பியிருந்தாள். அதை அவள் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. எழுதுவதற்குக் கட்டமும் இல்லை.

வீட்டுக்காரியின் பெயர் பாஞ்சாலை. நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பட்டறையில் அச்சில் வார்த்த பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிசிறு எடுத்து, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னாள். தெருக்காற்று பட்டால் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் காயாமல் விரிசல் விடும். ஆடு வரும், பிள்ளைகள் ஓடும். அதனால் வேலை இருக்கும் மாதமெல்லாம் முன்கதவுக்கு வெளிப்பூட்டு. போக்குவரத்து, சமையல், தூக்கம் எல்லாம் பின்னால். இந்த வரிசையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

“இதுமேல உக்காருங்க, சேல பாழாவும்” என்று ஒரு பலகையைத் தள்ளினாள். “நீங்கதான மூணு வாட்டி வந்து பக்கத்து வூட்டுப் பூட்ட ஆட்டிப் பாத்துட்டுப் போனது? நாங்க பாத்துக்குனுதான் இருந்தோம்.”

கூப்பிட்டிருக்கலாமே என்றாள் இளமதி.

“வரி வசூலுன்னு நெனச்சோம். வூட்டு வரிக்காரங்களும் அப்படித்தான் ஆட்டுவாங்க.” பாஞ்சாலை யானையைத் திருப்பி வைத்தாள். “அந்தச் சின்னப் பொண்ணு பரவால்ல. ராமாயி பலகை தூக்கிக்குனு வந்தா, அவ பின்னாடியே வந்து நின்னுச்சு. இத எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். கூட உக்காந்து நாலு யான துடைச்சிக் குடுத்துட்டுதான் எழுதவே ஆரம்பிச்சுது. ஒண்ணுக்குக் காத ஒடச்சிடுச்சு. சூளைக்குப் போய் வந்ததும் அத நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டோம்.”

இளமதி படிவத்தில் இருந்த பதில்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு பேர். குழாய் இல்லை, முனை அடிபம்பு. கழிப்பறை இல்லை. இருட்டுவதற்கு முன்னால் போகமுடியாது, ஆற்றோரம். எல்லாம் தமிழினி எழுதியிருந்ததுதான். ஒரு சொல் மாறவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில், ‘பெண்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை’ என்று தமிழினி ஒரு வரி எழுதியிருந்தாள். யாரும் கேட்கச் சொல்லாத கேள்விக்கான பதில் அது. அது உண்மையா என்று இளமதி கேட்டாள். பாஞ்சாலை, எதுக்குக் குடிக்கணும் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

மிச்ச ஐந்து வீட்டுக்கும், முன்னால் பார்த்துவிட்டுப் போன நான்கு வீட்டுக்கும் பின்சந்து வழியாகவே போனாள். முன்வாசலில் பத்தும் பூட்டு. பின்வாசலில் ஒன்பது திறந்திருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் காதுகுத்துக்குச் சேத்தியாத்தோப்பு போயிருந்தார்கள், அந்த வீட்டுக்கும் குடைக்காரப் பொண்ணு வந்தாள் என்று பக்கத்தில் சொன்னார்கள். ஒன்பதும் சரியாக இருந்தன. ஒரு சின்னத் தப்பாவது கிடைக்காதா என்று ஒவ்வொரு வீட்டிலும் அவள் தேடினாள். ஒரு வீட்டில் கிழவரின் வயது இரண்டு வருடம் கூடுதலாக இருந்தது. அதைச் சுழித்தபோது தன் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அவளே பார்த்தாள்.

வண்டியை எடுக்காமல் சந்துமுனையில் கொஞ்ச நேரம் நின்றாள். அறுபத்திரண்டு மாற்று வீடுகளையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். நாற்காலி போட்டவர்கள் எல்லாருக்கும் கழிப்பறை இருந்தது என்றில்லை. பெரும்பாலும் இருந்தது. அவர்கள் யாருடைய இடத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள் என்பது அப்போது தெரியவில்லை. விதியை மீறியிருந்தால்கூட ஒரு சமாதானம் இருந்திருக்கும். அவள் மூன்று முறை போனாள். காலையில், பகலில், சாயங்காலத்தில். மூன்று முறையும் தெருவிலிருந்துதான் போனாள்.

சாயங்காலம் மங்கலம்பேட்டை பஸ்ஸுக்குத் தமிழினியைக் கொண்டுபோய் விட்டாள். தலைவலி எப்படி இருக்கிறது என்று தமிழினி விசாரித்தாள், தைலம் இருக்கிறது வேண்டுமா என்றாள். பஸ் வருவதற்குள் இளமதி சாதாரணமாகக் கேட்பதுபோல், பொம்மைக்காரத் தெருவில் எல்லாரும் பின்வாசலில் இருப்பதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

தமிழினி உண்மையாகவே குழம்பினாள். “உங்க ஊருக்கா அது. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?” பிறகு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தவள்போல் அவள் கையைத் தொட்டாள். “நீங்களும் அப்படித்தான் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

குத்திக்காட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அந்தக் குரலில் அப்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, போயிட்டு வரேங்க்கா என்று கையசைத்தாள். யாரோ ஒரு அம்மாள் தன் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அறிமுகமில்லாதவர்கள் தன் மடியில் எதையும் வைத்ததில்லை என்று இளமதி நினைத்தாள். அதையும் நினைத்துத்தான் ஆகவேண்டுமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆனந்தராஜ் தயாராக இருந்தார். தமிழினி இன்னும் வரவில்லை. மேஜைமேல், காது மூளியான யானைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. தட்டச்சு செய்து வைத்திருந்தார். பத்து வீட்டின் எண்கள், அதற்குக் கீழே இரண்டு வாக்கியம். மேற்கண்ட வீடுகளுக்கு நான் நேரில் சென்றேன். பத்து வீடுகளின் கதவும் பூட்டியிருந்தது.

“பூட்டுதான?” என்றார்.

இளமதி சொன்னாள். முன்கதவு, பொம்மைகள், பின்சந்து, பாஞ்சாலை. தன் அறுபத்திரண்டு வீட்டையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கேட்டு முடித்ததும் ஒரு பேனாவை எடுத்து மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார்.

நாளை தாள்கள் போகவேண்டும் என்றார். அறுபத்திரண்டு வீட்டுக்குத் திரும்பப் போக நாள் இல்லை. இரண்டு பாதியையும் அனுப்பினால் பதினான்கு ஏன் என்று கேட்பார்கள். மூத்தவருடைய பாதி தப்பு என்று எழுதினால், மூன்று மாதம் நீ என்ன மேற்பார்வை பார்த்தாய் என்று அவரைக் கேட்பார்கள். தமிழினியின் பாதியைக் கழித்தால் கேள்வி இல்லை. முப்பத்தொன்று என்பதும் குறைவான எண் இல்லையே. கழிப்பிடம் கட்டத்தான் போகிறார்கள், நாலு குறையும், அவ்வளவுதான். தமிழினி சின்னப் பெண், படித்திருக்கிறாள், எங்கே போனாலும் வேலை கிடைக்கும். உங்களுக்கு அப்படி இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் நிறுத்தினார்.

“இதுல பொய் ஒண்ணும் இல்லையே இளமதி. பத்தும் பூட்டித்தான் இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க.”

பேனாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

உண்மைதான். இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லை. அவள் மூன்று மாதமாகக் கேட்டது இதைத்தான், இப்படி அழகாக, தன் கையில் அழுக்குப் படாமல் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஜன்னல் வைத்த அறை. தாழ்ப்பாள். உள்ளே வருவதற்கு முன்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறாள். தமிழினி இந்தத் தாளைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்பதையும் நினைத்தாள். நேற்று இருந்த ருசி கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. அது போய்விட்டிருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

போகாது என்று இப்போது தெரிந்தது. கையெழுத்துப் போட்டாலும் போகாது. சென்னையில், அந்த அறையில், ஒவ்வொரு ஊரிலும் பூட்டிய கதவைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெண் பலகைக்காரியின் பின்னால் நடந்துபோவாள், இளமதி வண்டியில் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெட்டு ஒன்றும் கூடவே ஏறி வந்தது. இன்றைக்கும் அது இளமதிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவள் பேனாவை மூடினாள். தாளை மடிக்காமல் யானைக்கு அடியில் திரும்ப வைத்து, பேனாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“நான் கையெழுத்துப் போடல சார்” என்றாள்.